ஊகமும் உண்மையும்

மறைந்து கிடப்பதை அறிய விழைதல் மாந்தர்க்கு இயல்பு. அடுத்த வீட்டில் புதுச்சுவர் ஒன்று எழும்பினால், அது திண்ணையோ, மாடிப்படியோ, மாட்டுக்கொட்டிலோ என்று தெருவினர் ஆராயத் தொடங்குவர். வீட்டுக்காரர் வாய் திறவாராயின் அவ்வாராய்ச்சி மும்மடங்காகும். இவ்வார்வம் குற்றமன்று, அறிவு வளர்வதற்கு அதுவே வித்து. ஆயினும், ஊகத்தையே உண்மை எனக் கொள்வோமாயின் அவ்வித்தே களையாகிவிடும். ஊகிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அம்முறையை ஒரு விளையாட்டு ஊர்தியின் கதையைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

மேலை நாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களில் ரோலர் கோஸ்டர் என்னும் ஊர்தி ஓடுவதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பலவற்றில், இணைக்கப்பட்ட சிறு வண்டிகளைச் சங்கிலி ஒன்று உயரமான முதல் ஏற்றத்திற்கு இழுத்துச் செல்லும். உச்சியில் சங்கிலி விட்டதும், வண்டிகள் தம் எடையாலேயே கீழ்நோக்கிப் பாய்ந்து, மேடும் பள்ளமும் வளைவும் கடந்து, தொடங்கிய இடத்திற்கே திரும்பும். இவ்வூர்திகளிடத்துப் பெருங்காதல் கொண்ட ஆர்வலர் பல்லாயிரவர் உளர். புதிய ஊர்தி ஒன்று அமையப்போகிறது என்ற குறிப்புக் கிடைத்தால் போதும். அதன் உயரம் எத்துணை, வேகம் எத்துணை, எத்தனை இடங்களில் தலைகீழாகச் சுழலும் என்று அவர்கள் கருதத் தொடங்கிவிடுவர்.

கருதுதல் என்னும் சொல்லை நம் முன்னோர் வறிதே வழங்கவில்லை. பொருள்களை அறியும் வழிகளை அவர்கள் அளவைகள் என்றனர். அவற்றுள் மூன்று தலையாயவை. பொறிகளால் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். அறிந்தோர் சொல்லக் கேட்டு அறிவது உரை. மலைமேல் புகை தெரிகின்றது. ஆதலின் அங்கு நெருப்பு உண்டு. இதில் 'அங்கு நெருப்பு உண்டு' என்பது மேற்கோள். 'புகை தெரிதலால்' என்பது ஏது. 'அடுக்களையிற் போல' என்பது எடுத்துக்காட்டு. இம்மூன்றும் பொருந்தினால் அன்றிக் கருதல் நிலைபெறாது.

இனிக் கதைக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில், ஈரி என்னும் பேரேரிக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனை ஒன்றில் சீடர் பாயின்ட் என்னும் பூங்கா உள்ளது. அங்கு 1991 ஆம் ஆண்டில் மீன் ஸ்ட்ரீக் என்னும் பெயருடைய மர ரோலர் கோஸ்டர் திறக்கப்பெற்றது. அதன் உயரம் 161 அடி. தடத்தின் நீளம் ஒரு மைலினும் சற்று மிகுதி. நாளடைவில் அதன் ஓட்டம் முரடாயிற்று. ஏறி அமர்ந்தோரின் உடம்பைக் குலுக்கி எடுத்தது. 2016 செப்டம்பர் 16 ஆம் நாள் அஃது இறுதியாக ஓடியது. அவ்விடத்தில் இனி யாது வரும் என்பதைப் பூங்காவார் ஏறத்தாழப் பதினொரு திங்கள் வெளிப்படக் கூறவில்லை. அஃதாவது, உரை அளவை அடைபட்டது. எஞ்சியவை காண்டலும் கருதலுமே.

ஆர்வலர் முதற்கண் கண்டது, பழைய மரச் சட்டகம் முழுதும் இடிக்கப்படவில்லை என்பது. இடித்து எறிவதாயின் அதனைக் காத்து வைப்பானேன்? அடுத்து நோக்கியது தடத்தை. மர ஊர்தியின் தடம், பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே மெல்லிய இரும்புப் பட்டை பதித்துச் செய்யப்படுவது. இங்கோ மரத் தடம் அகற்றப்பட்டு, எஃகுத் தண்டவாளம் இடம்பெற்றது. மரச் சட்டகத்தின்மேல் எஃகுத் தடம் இடும் தொழிலில் பெயர் பெற்றது ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்னும் நிறுவனம். டெக்சாஸ் மாநிலத்தில் 2011 ஆம் ஆண்டில் நியூ டெக்சாஸ் ஜயன்ட் என்பதையும், 2013 ஆம் ஆண்டில் அயர்ன் ராட்லர் என்பதையும் அந்நிறுவனம் அவ்வாறே புதுக்கியிருந்தது. ஆகவே, 'இங்கும் பழைய மரத்தின்மேல் எஃகு ஊர்தி எழும்' என்று கருதுதற்கு ஏதுவும் இருந்தது, எடுத்துக்காட்டும் இருந்தது. இது நற்கருதல்.

உயரத்தைப் பற்றிய கருதல் இன்னும் சுவையானது. முன்னைய எடுத்துக்காட்டுக்களுள் எதுவும் 200 அடியை எட்டியதில்லை. அவற்றை மட்டும் நம்பிய ஒருவர், இதுவும் எட்டாது என்றே முடிவு கட்டியிருப்பார். உச்சி உயர்ந்துகொண்டே போவதைக் கண்டவரோ அம்முடிவைத் திருத்திக் கொள்வார். எடுத்துக்காட்டு வழிகாட்டும், ஆயினும் எதிரே நிற்கும் காட்சிக்கு அது பணிதல் வேண்டும்.

உயரத்தை அளக்க அருகிற் செல்ல வேண்டுவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள கோலை வெயிலில் நட்டுப் பாருங்கள். அதன் நிழல் ஒன்றரை மீட்டராகவும், அதே பொழுதில் கோபுரத்தின் நிழல் 93 மீட்டராகவும் இருப்பின், கோபுரத்தின் உயரம் 62 மீட்டர். உயரம் தெரிந்தால் வேகமும் அகப்படும். 61 மீட்டர் ஆழம் தடையின்றி வீழும் பொருளின் வேகத்தைக் காண, 61 ஐ 9.8 ஆல் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் காணல் வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 34.6 மீட்டர் வரும். மணிக்கு ஏறத்தாழ 124 கிலோமீட்டர். காற்றும் உராய்வும் அதில் சிறிது உண்டுவிடும். மேலும், சங்கிலி விட்டபின் வண்டியைத் தள்ளுவார் இல்லையாதலின், அடுத்து வரும் எம்மேடும் முதல் ஏற்றத்தினும் தாழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும். ஒன்று நிகழும் என்பதைக் காட்டுவது போலவே, ஒன்று நிகழாது என்பதைக் காட்டுவதும் கருதலின் பயனாகும்.

2017 ஆகஸ்டு 16 ஆம் நாள் பூங்காவார் வாய் திறந்தனர். புதிய ஊர்தியின் பெயர் ஸ்டீல் வெஞ்சன்ஸ். உயரம் 205 அடி. முதல் வீழ்ச்சி 200 அடி, அஃதாவது 61 மீட்டர். சாய்வு 90 பாகை. தலைகீழாகும் இடங்கள் நான்கு. வேகம் மணிக்கு 74 மைல். இவ்வேகம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர் ஆகும். நாம் கணக்கிட்டதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஐந்து கிலோமீட்டர் அளவே. கட்டியவர் சொல்லாததைக் கணக்கு ஓரளவு சொல்லிவிடும் என்பது இதனால் விளங்கும். 2018 மே திங்களில் அவ்வூர்தி ஓடத் தொடங்கியது.

ஆனால் எல்லாவற்றையும் அவ்வாறு கண்டுகொள்ளல் இயலுமோ? இயலாது. அமெரிக்காவின் பழைய மேற்குப் பகுதியில் திரிந்த மூன்று முரடர்களைப் பற்றிய கற்பனைக் கதை ஒன்றைப் புனைந்து, ஸ்டீல் வெஞ்சன்ஸை அதனோடு இணைத்தனர். தூணை எத்துணை நேரம் உற்றுநோக்கினும் அக்கதை அதில் தெரியாது. அது கட்டியவரின் உள்ளத்தில் இருப்பது. உரையாலன்றி அறிய இயலாதது. தலைகீழாகும் இடங்களின் எண்ணிக்கையும் முன்னைய ஊர்திகளைக் கொண்டு முடிவு செய்யத் தக்கதன்று. 2011 இல் எழுந்ததில் அத்தகைய இடம் ஒன்றுமில்லை; 2013 இல் எழுந்ததில் ஒன்று உண்டு. இவ்விரண்டைக் கொண்டு அடுத்ததன் எண்ணிக்கையை எவ்வாறு துணிவது? இத்தகைய இடத்தில் 'அறியேன்' என்பதே அறிவுடையார் விடை.

ஆர்வம் மிக்கார் இடறி விழுவது இங்கேதான். 'அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று ஒருவர் சொல்வார். 'அப்படி இருக்கலாமாம்' என்பார் அதைக் கேட்டவர். மூன்றாமவர் வாயில் அது 'அப்படித்தான் இருக்கும்' என்று முடியும். இங்கு ஏது யாது? விருப்பம் ஒன்றே. விருப்பம் ஏதுவைப் போல் தோன்றுமேயன்றி ஏதுவாகாது. இத்தகைய போலியை ஏதுப்போலி என்பர். இறுதியில் ஊர்தி திறக்கப்படும் நாளில், தாம் எண்ணியது இல்லை என்று கண்டு சிலர் கட்டியவரை நோவர். கட்டியவர் அளித்த வாக்கு எதுவும் பொய்க்கவில்லை. பொய்த்தது இவர்கள் தமக்குத் தாமே அளித்துக்கொண்ட வாக்கே.

ஒரு விளையாட்டு ஊர்தியைப் பற்றித் தவறாக ஊகித்தால் கேடு பெரிதன்று. ஒருநாள் ஏமாற்றத்தோடு அது போகும். ஆனால் ஊகிக்கும் பழக்கம் ஊர்தியோடு நிற்பதில்லை. மருத்துவர் புறக்குறிகளைக் கொண்டு உள்நோயைக் கருதுகின்றார். நடுவர் சான்றுகளைக் கொண்டு தாம் காணாத நிகழ்ச்சியைக் கருதுகின்றார். ஊரில் ஒரு பொருள் களவு போனால், 'இன்னார்தாம் எடுத்திருப்பார்' என்று நாமும் கருதுகின்றோம். அங்கே ஏதுப்போலியை ஏது எனக் கொண்டால், குற்றமற்ற ஒருவரின் நற்பெயர் அழியும். விளையாட்டில் பழகிய பிழையே வாழ்வில் தீங்காக விளையும்.

ஆகவே, மாணவர்களே, ஊகிக்க அஞ்சாதீர்கள். ஆயினும் மூன்று சொற்களை ஒன்றோடொன்று கலவாது வழங்கப் பழகுங்கள். கண்டதையும் தக்கோர் சொல்லக் கேட்டுத் தெளிந்ததையும் 'அறிவேன்' என்று சொல்லுங்கள். ஏது கொண்டு உணர்ந்ததைக் 'கருதுகிறேன்' என்று சொல்லுங்கள். நெஞ்சம் வேண்டுவதை 'விரும்புகிறேன்' என்று சொல்லுங்கள். கருதியது பொய்த்தால், 'யான் கருதியது தவறு' என்று தயங்காது உரையுங்கள். அவ்வாறு உரைப்பவரின் அடுத்த ஊகத்தை உலகம் செவிசாய்த்துக் கேட்கும்.