மாற்றிய என்ஜின் மீண்டும் நின்றால்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும் நிலப்புறம் முழுவதும் தமிழக மாவட்டங்களால் சூழப்பட்டிருப்பதால், அங்குப் பதிவான காரின் என்ஜினை மாற்ற நாகப்பட்டினத்துக்கோ கும்பகோணத்துக்கோ செல்பவர், தாம் அறியாமலே வேறோர் ஆட்சி எல்லைக்குள் தம் வழக்கையும் கொண்டுசென்றுவிடுகிறார். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம், எதிர்த்தரப்பு தொழில் செய்யும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட வேண்டும் என்றது. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் சட்டமோ, முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக இடமளிக்கிறது. எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஆயினும் முறையீடு சான்றில்தான் நிற்கும். முதல் என்ஜின் உடைந்தபோது உதிர்ந்த உலோகத் துகள் ஆயில் கூலரிலும் குழாய்களிலும் தங்கியிருக்க, அவற்றைக் கழுவாமலும் மாற்றாமலும் புதிய என்ஜினைப் பொருத்தினால், அத்துகள் ஆயிலோடு சென்று பேரிங்குகளை அரித்துவிடும்; அடைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டால் என்ஜின் சூடேறி ஹெட் வளைந்துவிடும். முதல் என்ஜினைக் கெடுத்த காரணமே இரண்டாவதையும் கெடுப்பது இவ்வாறுதான். பட்டறையினர் 'தண்ணீர் பார்க்காமல் ஓட்டிவிட்டார்கள்' என்பதும், உரிமையாளர் 'மாட்டியதே சரியில்லை' என்பதும் வழக்கம். உண்மையோ என்ஜினுக்குள்தான் இருக்கிறது; ஆனால் அதைப் பிரிக்கும் கணத்திலேயே அவ்வுண்மை கலைந்தும் போகிறது. கோபத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பிரித்துவிடுவதே இத்தகைய பிணக்குகளில் மிகப் பெரிய தவறு. ஆயில் விளக்கு எரிந்த உடனே வண்டியை நிறுத்தி, மேலும் ஓட்டாமல் கட்டியிழுத்துச் சென்று, பிரிக்கும் நாளைக் கடிதத்தில் குறிப்பிட்டு ஒப்புகை பெறும் அஞ்சலில் பட்டறைக்கு அனுப்பி, அவர்கள் முன்னிலையிலும் இருதரப்பையும் சாராத பொறியாளர் ஒருவர் முன்னிலையிலும் பிரிக்கச் செய்து, படமெடுத்து, வடித்த ஆயிலைப் புட்டியில் முத்திரையிட்டு வைப்பதே தக்க வழி.

ஜாப் கார்டு எனப்படும், வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் பணிச்சீட்டில், புதிய என்ஜினா, ரீகண்டிஷன் செய்ததா, பழைய வண்டியிலிருந்து கழற்றியதா என்பதையும் அதன் எண்ணையும் எழுதச் செய்வது முதல்நாளே செய்ய வேண்டியது. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொல்வதற்கு இசைபவர், அந்த என்ஜினைத் தந்தவர் யார் என்பதற்கான சான்றையே இழக்கிறார். மேலும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, முன் ஒப்புதலின்றி என்ஜின் மாற்றப்பட்டால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்; பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பழைய எண்ணே இருந்தால், பின்னாளில் காப்பீடு கோரும்போதும் சிக்கல் எழும்.

பணம் தராவிடில் வண்டியைத் தர மறுக்கும் உரிமை பட்டறைக்கு உண்டா என்னும் கேள்விக்கு, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு விடை தருகிறது: ஒப்படைத்த பொருளின்மேல் உழைப்போ திறனோ செலவிட்டவர், வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிய கூலி பெறும்வரை அதை வைத்திருக்கலாம், ஆனால் அவ்வேலை ஒப்படைத்த நோக்கத்துக்கு இணங்கச் செய்யப்பட்டிருக்க வேண்டும். சண்டையிட்டு வண்டியை மாதக்கணக்கில் மழையில் நிற்கவிடுவதைவிட, ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்தப்பட்டது என்று பில்லில் எழுதிப் பணம் கட்டி மீட்பது பெரும்பாலும் நல்லது.

திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச்செல்லும் சொந்தக் கார் ஓட்டுநர்கள், வணிகத்துக்கான வண்டி என்பதால் தமக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று எண்ணுவதுண்டு. ஆனால் சுயவேலையாகப் பிழைப்புக்கு மட்டுமே ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. பட்டறைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வண்டி நின்ற நாட்களில் இழந்த ஒவ்வொரு சவாரியையும், அந்நாட்களிலும் கட்டிய மாதத் தவணையையும் தேதியோடு குறித்துவைத்த ஓட்டுநரால்தான், இழப்பீடாக இவ்வளவு வேண்டும் என்று ஆணையத்தின் முன் தொகையோடு கேட்க முடியும்.