தீபாவளி முன்பணம்: முளைக்காத மக்காச்சோளத்தை விற்றுவிடாதீர்கள்

புரட்டாசி முடியப்போகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசலில் முதல் நல்ல மழைக்குக் காத்திருக்கிறோம். விதை வாங்கவேண்டும், உரம் வாங்கவேண்டும். அதே வாரங்களில் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணியும் எடுக்கவேண்டும். கை வறண்டிருக்கும் இந்த நேரத்தில்தான் முன்பணம் வீடு தேடி வரும். "வட்டியே வேண்டாம், விளைந்ததை நமக்கே போட்டுவிடுங்கள்" என்பார்கள் வியாபாரிகள். வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தீபாவளிக்கு 20,000 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தையில் 20 குவிண்டால் மக்காச்சோளம் போடுகிறீர்கள். வெளியில் குவிண்டால் 2,000 என்றால் உங்களுக்கு 1,850. அதில் 3,000 போயிற்று. மூட்டைக் கழிவு என்று குவிண்டாலுக்கு ஒரு கிலோ தள்ளினால் இன்னும் 400 போகும். மூன்று மாதத்தில் 3,400 ரூபாய். மாதக் கணக்கில் இது ஐந்து வட்டிக்கும் மேல். வட்டி என்ற சொல் வராததால் நமக்கு உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்ததுண்டு. வருமான வரிக் கணக்கு முடித்துத் தரும் நிறுவனங்கள், அடுத்த ஆண்டு அரசு திருப்பித் தரப்போகும் வரிப் பணத்தைக் காட்டி, கிறிஸ்துமஸுக்கு முன்பே ஏழைக் குடும்பங்களுக்குக் கடன் கொடுத்தன. அவரவர் சொந்தப் பணத்தை அவரவருக்கே வட்டிக்கு விட்டதுதான் அது.

ஆகவே இந்த வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்குங்கள். சிட்டா, ஆதார், பாஸ்புத்தகத்தோடு உங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போங்கள். அங்கே பயிர்க்கடனைத் தவணை தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது. பழைய பாக்கி இருக்கிறதே என்று கூச்சப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். செயலாளரிடம் பேசினால்தான் வழி தெரியும். வங்கியில் கிசான் கடன் அட்டை இருந்தால் 7 விழுக்காடு வட்டி, ஒழுங்காகக் கட்டியவருக்கு 4 விழுக்காடுதான். அலைச்சல் இருக்கும், மறுக்கவில்லை. அந்த அலைச்சலுக்கு அஞ்சித்தான் பலரும் முன்பணத்துக்குக் கை நீட்டுகிறார்கள் என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், தொகையையும் தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விலை அன்றைய சந்தை விலையா, இப்போதே பேசிய விலையா என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ வெற்று முத்திரைத் தாளிலோ கையெழுத்துப் போடவே வேண்டாம். ஏடிஎம் அட்டையையும் கொடுக்காதீர்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; மிரட்டினால் காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் மனுக் கொடுக்கலாம்.

தறிக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். தீபாவளி அட்வான்ஸ் எவ்வளவு, கூலியில் வாரம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று உங்கள் நோட்டிலும் எழுதி வையுங்கள். அடுத்த தீபாவளிக்குள் அது தீராது என்று தெரிந்தால் தொகையைக் குறைத்து வாங்குங்கள்.

பெண்கள் குழுக்களில் இப்போது புதுக் கடன் தருகிறோம் என்று நுண்கடன் நிறுவனத்தார் வருவார்கள். வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அவர்கள் வசூலுக்கு வரக்கூடாது. வந்தால் தயங்காமல் கேளுங்கள்.

பயிர்க் காப்பீட்டைப் பொதுச் சேவை மையத்தில் மறக்காமல் பதியுங்கள். ராபி மக்காச்சோளத்துக்குப் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, மிளகாய்க்கு 5. ஆனால் "இன்சூரன்ஸ் பணம் வந்ததும் தருகிறேன்" என்று யாரிடமும் கடன் வாங்காதீர்கள். இழப்பீட்டைப் பொதுவாக உங்கள் ஒரு புஞ்சையை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. உங்கள் பகுதியில் நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையின் சராசரி விளைச்சலை வைத்தே கணக்கிடுவார்கள். பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த விதைப்பே வந்துவிடலாம்.

தையில் விலை சரிந்தால் உடனே தள்ளிவிட வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அதற்குச் சரக்கு உங்கள் பேரில் இருக்கவேண்டும். இன்று யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் இருந்தால்தான் அது நடக்கும்.