டைபாய்டு ஊசி: பெயரைக் கேட்டுப் போடுங்கள்

குழந்தைக்கு டைபாய்டு ஊசி போட்டாச்சா என்று கேட்டால் பல பெற்றோர் உடனே தலையாட்டுவார்கள். எந்த ஊசி என்று கேட்டால் தெரிவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அந்தப் பெயரில் இரண்டு விதமான ஊசிகள் இருக்கின்றன.

டைபாய்டு கிருமியின் மேலுறையில் ‘விஐ’ என்றொரு சர்க்கரைப் பொருள் உண்டு. பழைய பாலிசாக்கரைடு ஊசியில் இருப்பது அது மட்டுமே. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் உடல் அதை எதிர்த்துச் சரியாகத் தயாராகாது. பெரியவர்களுக்கும் பலன் சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

கான்ஜுகேட் ஊசியில் அதே பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் தயாராகும் டைப்பார் டிசிவியில் அந்தப் புரதம் டெட்டனஸ் டாக்சாய்டு. இந்தப் பிணைப்பால்தான் கைக்குழந்தையின் உடலும் கிருமியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் போடலாம், ஒரே தவணை. நேபாளத்தில் குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில் சுமார் 80 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. மலாவியில் நான்கு ஆண்டுக்கு மேல் கண்காணித்தபோதும் அது பெரிதாகக் குறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதற்கே முதலிடம் கொடுத்தது. நானும் தயக்கமில்லாமல் இதையே சொல்வேன். பழைய ஊசி விலை குறைவு என்பது உண்மை. ஆனால் திரும்பத் திரும்பப் போடும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வாய்வழி கேப்சூல் ஒன்றும் இருந்தது, வெளிநாட்டுப் பயணிகளுக்காக. சிறு குழந்தைகளுக்குப் பொருந்தாது; ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது எடுக்கக் கூடாது. அதை எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இந்திய அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் டைபாய்டு ஊசி இல்லாததால் பெரும்பாலும் தனியார் கிளினிக்கில்தான் போட வேண்டியிருக்கிறது. போடும் முன் மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். ‘கான்ஜுகேட்’ என்ற சொல், காலாவதித் தேதி இரண்டையும் பாருங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார்களா என்றும் கவனியுங்கள். போட்டபின் தடுப்பூசி அட்டையில் வெறுமனே ‘டைபாய்டு’ என்று எழுதாமல் முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். அடுத்த டாக்டருக்கு அது உதவும்.

எந்த ஊசியானாலும், டைபாய்டைப் போன்ற இன்னொரு காய்ச்சலான பாராடைபாய்டை முழுதாகத் தடுக்கும் என்று நம்ப முடியாது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கத்தை விட வேண்டாம். ஊசி போட்ட பிள்ளைக்கும் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டி, பிளட் கல்ச்சர் தேவையா என்று கேளுங்கள்.