மூச்சுப் பொறியும் புரத உணவும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள எமது கரையோரத்தில், நோயுற்றார்க்கு உறவினர் மனமுவந்து கொண்டுவருவது மீன் சாறு. தரையிற் பாய் விரித்துத் துயின்றவரைக் கட்டுவிரியன் தீண்டி, நஞ்சினால் மூச்சுத்தசைகள் செயலிழந்து, அவர் சுவாசப் பொறியின் துணையோடு கிடக்கும் வேளையிலும், “பிள்ளைக்குச் சத்தாக ஏதும் கொடுக்கலாகாதா?” என்றே வெளியில் நிற்போர் வினவுகின்றனர். வினா நியாயமானதே.

கடும் நோயில் உடல் தன் தசையையே உருக்கிப் புரதத்தைப் பெறுகின்றது. 2013ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 63 நோயாளரின் தொடைத்தசையொன்று பத்து நாளில் ஏறத்தாழ 18 வீதம் மெலிந்தமை கண்டறியப்பட்டது. பொறி மூச்சிழுக்க, வேலையற்றிருக்கும் உதரவிதானமும் மெலியும். மெலிந்தால் பொறியினின்று விடுபடுதல் தாமதமாகும். ஆகவே புரதம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எவ்வளவு என்பதிலேயே பிணக்கு.

ஐரோப்பிய மருத்துவப் போசாக்கு, அனுசேபச் சங்கம் 2019இல் விதந்துரைத்தது, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.3 கிராம்; அதுவும் படிப்படியாக. அறுபது கிலோ நிறையுடையார்க்கு இது 78 கிராம். ஏறக்குறைய நானூறு கிராம் பச்சை மீனின் தசையில் இவ்வளவு புரதம் உண்டு. மிகுதியாகக் கொடுத்தால் மிகுதியாக நலம் பயக்குமோ? பதினாறு நாடுகளில் சுமார் 1,300 நோயாளரைக் கொண்ட ஓர் ஆய்வில், ஒரு பகுதியினர்க்கு 2.2 கிராமும் அதற்கு மேலும் கொடுக்க முயன்று பார்த்தனர். 2023இல் வெளியான முடிவின்படி, அவர்கள் விரைந்து வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பழுதுற்றார்க்குத் தீங்கு விளையக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. அசைவின்றிக் கிடக்கும் தசை, வந்த புரதத்தை ஏற்றுக் கட்டமாட்டாது. பின்னுவோரின்றி வலைநூலைக் குவித்தாற்போலாம். எஞ்சியது யூரியாவாகிச் சிறுநீரகத்துக்குச் சுமையாகின்றது.

இனி மீன் சாறு. அதிற் சுவையும் உப்பும் உண்டு. புரதமோ பெரும்பாலும் சட்டியில் விடப்பட்ட சதையிலேயே தங்கிவிடுகின்றது! வீட்டுணவைக் குழாயில் ஊற்றினால் அடைப்பும் கிருமித்தொற்றும் நேரலாம். ஆதலின் அப்பணியை வைத்தியசாலைக்கே விடுதல் நன்று.

ஆயினும் உறவினர்க்கு வேறு கடமையுண்டு. நோயாளி எத்தனை நாள் உண்ணாதிருந்தார், மதுப்பழக்கம் உடையரோ, முன்பே மெலிந்திருந்தாரோ என்பவற்றை வைத்தியரிடம் ஒளியாது கூறுதல் வேண்டும். நெடுநாட் பட்டினிக்குப்பின் திடீரென நிறைய ஊட்டினால், குருதியிற் பொசுபேற்று வீழ்ந்து இதயத்துக்கே இடர் நேரும்.

பொறி அகற்றப்பெற்று, விழுங்கும் ஆற்றல் சோதிக்கப்பட்டு, வைத்தியரும் இசைந்தபின் கொண்டுவருக: வடித்த சாறு மட்டுமன்று, முள் நீக்கி மசித்த மீனையும். மரக்கறி உண்போர்க்குப் பருப்பும் தயிரும் ஆகும்.