திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்

பெருநாள் விளம்பரத்துக்குத் துண்டுப்பிரசுரம் அடிக்கக் கொடுக்கும் கலகெதர வியாபாரி, கண்டியில் அச்சகத்துக் கொம்பியூட்டரில் பளிச்சென்ற பச்சையைப் பார்த்துச் சம்மதிக்கிறார். ஆயிரம் பிரதி கைக்கு வரும்போது நிறம் மங்கியிருக்கிறது. அச்சகத்தார் ஏமாற்றிவிட்டாரா? அநேகமாக இல்லை.

கொம்பியூட்டர் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளால் நிறம் காட்டுகிறது. இது ஆர்.ஜி.பி. முறை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவுண்டு. அச்சு இயந்திரமோ சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் அடிக்கிறது. இது சி.எம்.வை.கே. முறை. அளவு 0 முதல் 100 வீதம் வரை.

திரையின் முழுப் பச்சை (0, 255, 0) சாதாரண கணக்கில் சயன் 100, மஞ்சள் 100 என மாறும். ஆனால் மை ஒளியைப் போல் பிரகாசிக்காது.

எனவே,

1. டிசைனை சி.எம்.வை.கே.க்கு மாற்றிய பின்பே பார்த்துச் சம்மதியுங்கள்.
2. அதே தாளில் மாதிரிப் பிரதி கேட்டு, அதில் கையொப்பமிடுங்கள்.
3. நிற எண்களை ஓடரில் எழுதி வையுங்கள்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) பணிக்கிறது. ஓடரையும் எழுதிக்கொண்டால் பணமும் மிஞ்சும், பிணக்கும் வராது.