குருதி கூறும் செய்தி

அகப்பொருள் நூல்களைக் கற்றோர் 'பசலை' என்னும் சொல்லை நன்கறிவர். பிரிவாற்றாத தலைவியின் மேனி நிறம் வேறுபடுதலைப் புலவர் அவ்வாறு கூறினர். நம் ஊவாத் தோட்டங்களில், கொழுந்து சுமந்து மலையேறும் தாய்மார் சிலரின் முகத்தில் வேறொரு வெளிறலைக் காண்கின்றோம். இளைப்பாறி நிற்பவளைச் சோம்பேறியென இகழ்வாரும் உளர். அஃது அறியாமை. அவ்வெளிறலின் காரணத்தை ஆராயப் புகுவார்க்கு முதற்றுணையாவது, முழுக் குருதி எண்ணிக்கை என்னும் பரிசோதனைத் தாளாகும். அதனை வாசிக்கும் முறையை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

குருதியில் மிதப்பன செங்குழியம், வெண்குழியம், சிறுதட்டு என மூவகைப்படும். முன்னாளில் இவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் கண்ணால் எண்ணினர். 1953-இல் அமெரிக்கரான வாலஸ் கூல்ற்றர் காப்புரிமை பெற்ற முறையோ, நுண்டுளை வழியே குழியங்களைச் செலுத்தி, மின்தடை மாற்றத்தால் அவற்றை எண்ணுகின்றது.

தாளில் முதலில் நோக்கத்தக்கது ஈமோகுளோபின். ஒட்சிசனைச் சுமக்கும் இப்புரதம், ஒரு டெசிலீற்றர் குருதியில், ஆடவர்க்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்டிர்க்கு 12 கிராமுக்கும் குறையின் அது குருதிச்சோகை எனப்படும். உயர்ந்த மலையில் வாழ்வோர்க்கு இவ்வெல்லை சற்றே கூடும்.

அடுத்தது, எம்.சி.வி. எனக் குறிக்கப்படும் செங்குழியத்தின் சராசரிப் பருமன். இது 80 முதல் 100 பெம்தோலீற்றர் வரை இருத்தல் இயல்பு. குழியம் சிறுத்திருப்பின் இரும்புக் குறைபாடாகலாம். பரம்பரையாக வரும் தலசீமியாவுமாகலாம். ஆதலின் வைத்தியரைக் கேளாது இரும்பு மாத்திரை விழுங்குதல் தகாது.

வெண்குழியம் ஒரு கனமில்லிமீற்றரில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அவற்றுள் இயோசினோபில் மிகுந்தால் குடற்புழுவையும் ஐயுறலாம். வெறுங்காலுடன் மண்ணில் நடப்போரைப் பற்றும் கொக்கிப்புழு குருதியை உறிஞ்சுவது. அதனை ஒழிக்கும் இயக்கம் இலங்கையில் 1916-இல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று.

சிறுதட்டு 1,50,000 முதல் 4,50,000 வரை இருத்தல் வேண்டும். டெங்குக் காய்ச்சலில் அது நாடோறும் இறங்க, குருதியிற் செங்குழியத்தின் பங்கு ஏறுமாயின் அபாயம் அண்மையதாம். ஆகவே ஓரெண்ணை மட்டும் கண்டு அஞ்சுதலும் மகிழ்தலும் பிழை; எண்களை ஒன்றோடொன்று சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

நாம் பறிக்கும் தேயிலையே, உணவோடு பருகுங்கால், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பை உடல் ஏற்காவண்ணம் தடுக்கின்றது. உண்டபின் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் பருகுதலும், உணவோடு நெல்லி, தோடை முதலியன உண்ணுதலும் நலம்.

2014 ஒக்டோபர் 29-இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. முன்னரே விடுக்கப்பட்ட எச்சரிக்கை அம்மக்களைக் காக்கவில்லை. குருதித் தாளும் ஓர் எச்சரிக்கையே. மாணவர்காள்! வீட்டில் அன்னையின் தாள் மடித்தபடி கிடக்குமாயின், இன்றே எடுத்து வாசியுங்கள். அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாம் கற்ற எழுத்து அதற்கும் பயன்படுக.