குளிர்நீர் இயந்திரத்தை மட்டமாக நிறுவுதலும் குழாய் இணைத்தலும்

பெங்களூரு நகரின் பெரிய மருத்துவமனைகளிலும் அலுவலக மாளிகைகளிலும் ‘சில்லர்’ என வழங்கும் குளிர்நீர் இயந்திரங்கள் இயங்கிவருகின்றன. கட்டடமெங்கும் சுற்றிவரும் நீரைக் குளிரச் செய்து மீண்டும் அனுப்புவதே இவற்றின் பணியாகும். இவற்றின் ஆற்றல் டன் கணக்கில் குறிக்கப்படும். ஒரு டன் என்பது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவையான உஷ்ணத்தை நீக்கும் திறனாகும். 500 டன் இயந்திரம் ஒன்று, 12 டிகிரி சென்டிகிரேடில் வரும் நீரை 7 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டுமாயின், அதனுள் வினாடிக்குச் சுமார் 84 லிட்டர் நீர் ஓட வேண்டும்.

இதனை நிறுவுவோர் மறவாதிருக்க வேண்டிய விதி ஒன்றே. இயந்திரம் தன் மேடையின்மீது மட்டமாக நிற்க வேண்டும். குழாய்கள் தம் தாங்கிகளின்மீது நிற்க வேண்டும். குழாயின் பாரம் இயந்திரத்தின்மீது சாரலாகாது.

மட்டத்தின் அவசியம்

பெரிய இயந்திரங்கள் பலவற்றில், நீரோடும் செப்புக் குழாய்கள் குளிரூட்டும் திரவத்தில் மூழ்கியிருக்கும். அவற்றைக் கொண்ட கலம் 4 மீட்டர் நீளமுள்ளதென்றும், மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சாய்ந்துள்ளதென்றும் கொள்வோம். இரு முனைகளுக்கும் இடையே 4 மில்லிமீட்டர் வேறுபாடு உண்டாகும். சாய்வு மிகுமாயின் உயர்ந்த முனையில் மேற்குழாய்கள் திரவத்திற்கு வெளியே நின்று பயனற்றுப்போகும். கம்ப்ரஸரின் எண்ணெய் மட்டமும் பிழைபடும். அனுமதிக்கத்தக்க சாய்வு எவ்வளவு என்பதை அந்தந்த இயந்திரத்தின் கையேட்டைக் கொண்டே அறிதல் வேண்டும்.

மட்டம் பார்க்கும் முறை

கான்கிரீட் மேடையின் மூலைகளைத் தண்ணீர் நிரப்பிய தெளிகுழாயால் முதலில் ஒப்பிட வேண்டும். இயந்திரத்தை இறக்கியபின், வண்ணம் பூசிய வளைந்த பரப்பின்மீதன்றிக் கடைந்து சீராக்கிய பரப்பின்மீதே ரசமட்டத்தை வைத்து, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் பார்த்தல் அவசியம். குறை காணுமிடத்தில் பாதத்தின் அடியில் எஃகுத் தகடுகளைச் செருகலாம், மரத்துண்டு கூடாது. சுருள்வில் தாங்கிகளின்மீது நிற்கும் இயந்திரமாயின், நீர் நிரம்பி முழுப்பாரமும் ஏறியபின் மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

குழாய்களின் பாரம்

250 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய், உள்ளிருக்கும் நீருடன் சேர்ந்து மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ளது. 5 மீட்டர் குழாயைத் தாங்கியின்றி இயந்திரத்தில் தொங்கவிட்டால் அரை டன் பாரம் அதன் வாயின்மீது விழும். அதனால் இணைப்பு கசியும், மட்டமும் கெடும். பொருந்தாத பிளாஞ்சுகளை போல்ட்டுகளால் இழுத்துச் சேர்ப்பதும் இத்தகைய தீங்கையே விளைவிக்கும். நெகிழ்வான இணைப்பு அதிர்வைக் குறைப்பதற்கேயன்றிக் கோணலை மறைப்பதற்கன்று. இணைத்தபின் போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்த்தால் உண்மை விளங்கும்: குழாய் அசையாது நின்றால் வேலை செம்மையானது, விலகிப் பாய்ந்தால் திருத்தத்தக்கது.

கழுவுதலும் நீரோட்டமும்

பற்றவைப்புக் கசடும் மண்ணும் இயந்திரத்தினுள் புகாவண்ணம், போக்குக் குழாயையும் வரவுக் குழாயையும் தற்காலிகமாக ஒன்றோடொன்று இணைத்து, இயந்திரத்தைத் தவிர்த்துக் கழுவ வேண்டும். பிறகு வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்தல் வேண்டும்.

நீரோட்டம் நின்றபின்னும் கம்ப்ரஸர் ஓடுமாயின், குழாயிலுள்ள நீர் உறைந்து விரியும், குழாய் வெடிக்கும், குளிரூட்டும் திரவத்தில் நீர் கலந்து இயந்திரமே பாழாகக்கூடும். இதனைத் தடுப்பது நீரோட்டத்தைக் காட்டும் ஸ்விட்சாகும். அதன் இருபுறமும் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது இக்குழாய்க்கு 1.25 மீட்டர், நேர்க்குழாய் விடுதல் நல்ல வழக்கமாகும்.

பெங்களூருவில் கவனிக்க வேண்டியது

இந்நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. நீரின் உயரமாகக் கணக்கிட்டால் சுமார் ஒரு மீட்டர் குறைகின்றது. ஆதலின் குளிர்விப்புக் கோபுரத்தின் திறந்த தொட்டியிலிருந்து நீரை இழுக்கும் பம்பின் உறிஞ்சு குழாய்க்குச் சென்னையில் போட்ட கணக்கை அப்படியே இங்குக் கொள்ளலாகாது. அக்குழாய் அகலமாகவும், குறுகிய தூரமுள்ளதாகவும், வளைவுகள் குறைந்ததாகவும் அமைதல் நலம்.

வகுப்பறைச் சோதனை

ஐந்து மீட்டர் தெளிகுழாயில் வண்ணநீரை நிரப்பி, அதன் இரு முனைகளையும் சுவரின் இரு கோடிகளில் உயர்த்திப் பிடித்து, நீர்மட்டங்களைக் குறிக்கச் செய்க. பின்னர் குழாயின் நிமிர்ந்த பகுதியில் பெரிய காற்றுக்குமிழ் ஒன்று தங்குமாறு செய்து மீண்டும் குறிக்கச் செய்க. இரு குறிகளும் மாறுபடுவதைக் காணும் மாணவர், மட்டம் பார்க்குமுன் குழாயிலுள்ள குமிழ்களை நீக்குவது ஏன் என்பதைத் தாமே உணர்வர்.

வினாக்கள்

1. சுருள்வில் தாங்கிகளின்மீது நிற்கும் இயந்திரத்தின் மட்டத்தை நீர் நிரப்பியபின் மீண்டும் பார்ப்பது ஏன்?
2. போல்ட்டுகளைத் தளர்த்தியதும் குழாய் விலகுமாயின், திருத்த வேண்டியது இயந்திரத்தையா, குழாயின் தாங்கியையா? காரணம் கூறுக.